மூன்றாம் நம்பர் கொட்டகையின் முதலாளி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் விருதுநகரில் ஒரு தொழிலாளர் அதிகாரியின் அலுவலக வராந்தா. நான் போனது வேறு கதைக்கு. தீபாவளி மலருக்குச் சிவகாசிப் பக்கத்தை வைத்து ஒரு மர்மக் கதை வேண்டும், ஒரு வெடிவிபத்து, அதற்குப் பின்னால் ஒரு கொலை, கொலைக்குப் பின்னால் ஓர் அழகி என்று வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியர் கேட்டிருந்தார். தொழிற்சாலை விதிகளைத் தெரிந்துகொள்ளலாம் என்று அங்கே காத்திருந்தேன். உள்ளே அதிகாரியிடம் ஒரு பெண் பேசியது காதில் விழுந்தது. எழுந்து வந்துவிட்டேன். என் அழகியும் கொலைகாரனும் இன்னும் அந்த பெஞ்சில்தான் இருக்கிறார்கள். வேண்டியவர்கள் கூட்டிப் போகலாம்.

அவள் என்ன சொன்னாள் என்பதை அதன் இடத்தில் சொல்கிறேன். பேர்கள், ஊர், கொட்டகை, மற்ற பேச்செல்லாம் நான் கட்டியவை. கோபம் நான் கட்டியதல்ல.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"நள்ளிரவு. ஏழாயிரம்பண்ணைக் காட்டில் நாய்கள் ஊளையிட்டன. திடீரென்று பூமி அதிர—"

அடித்துவிட்டேன். இந்தக் கதையில் பூமி அதிராது.

இரண்டாவது: "1961ஆம் ஆண்டு. நாடு வளர்ந்துகொண்டிருந்தது. அணைகள், உருக்காலைகள், மின்கம்பங்கள்..."

பொய்யில்லை. ஆனால் யார் வளர்ந்தார்கள் என்று அடுத்த வரியில் சொல்லியாக வேண்டும். அங்கே பேனா நின்றுவிட்டது.

மூன்றாவது: "சுவர் கட்டி முடிந்த அன்று சங்கையா எல்லோருக்கும் காராச்சேவு வாங்கிக் கொடுத்தார்."

இது இருக்கட்டும்.

3

சுவர் கட்டி முடிந்த அன்று சங்கையா எல்லோருக்கும் சாத்தூரிலிருந்து காராச்சேவு வரவழைத்துக் கொடுத்தார். கரிசல் காட்டுக்கு நடுவே அவருடைய தீப்பெட்டிக் கொட்டகை இருந்தது. நீளமாக, ஒரே கூரையாக, ஒரு கோடியில் தண்ணீர்த் தொட்டியோடு. அதன் குறுக்கே இரண்டு சுவர்கள் எழும்பின. ஒரு கம்பெனியாக இருந்தது மூன்று கம்பெனியாகிவிட்டது.

காரணம் வரி. பெரிதாகச் செய்கிற கம்பெனிக்கு அதிக வரி, கையால் கொஞ்சமாகச் செய்கிற கம்பெனிக்குக் குறைந்த வரி. டெல்லியில் யாரோ நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார்கள். மெஷினோடு மல்லுக்கட்ட முடியாத ஏழை பிழைக்கட்டும் என்று. சங்கையா அதைப் படித்தார். வளர்ந்தால் தண்டம், வளராவிட்டால் சலுகை என்று அவருக்கு அர்த்தமானது. (எனக்கும் அப்படித்தான் அர்த்தமாகிறது.) அவர் வளராமலிருக்க முடிவு செய்தார். வளராமலே மூன்று மடங்காவதற்கு ஒரு கொத்தனார் போதும். தீக்குச்சி மருந்துச் சரக்கும் கம்பெனிக்கு இவ்வளவு என்று கோட்டாவில் வந்ததால், மூன்று கம்பெனிக்கு மூன்று கோட்டா. அதில் மிஞ்சியது வெளிச்சந்தைக்குப் போனது.

இப்படி மிச்சமான பணம் மெஷினாகவில்லை. இன்னொரு தண்ணீர்த் தொட்டியாகவும் ஆகவில்லை. விருதுநகரில் மாடி வீடாகிக்கொண்டிருந்தது.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்த வட்டாரத்தில் சிறுதொழில்கள் பெருகிவருவதாக அடுத்த வருஷம் ஓர் அறிக்கை வரும். அந்தப் பெருக்கத்தில் இரண்டு, இந்தச் சுவர்கள். ஒரு தீப்பெட்டிகூட அதிகமாகச் செய்யவில்லை. செங்கல் செலவானதைத் தொழில் வளர்ச்சி என்று எழுதிய மகராசன் யாரென்று எனக்குத் தெரியவேண்டும். சண்டை போட அல்ல. அந்தக் கொட்டகையில் ஒரு நாள் உட்கார வைக்க.]

4

முதல் கொட்டகை சங்கையா பேரில். இரண்டாவது அவர் மனைவி பேரில். மூன்றாவதற்கு ஒரு பேர் வேண்டும். மச்சான் பேரில் வைக்கலாமா என்று கணக்கப்பிள்ளை நல்லசிவம் கேட்டாராம். சொந்தக்காரன் நாளைக்குப் பங்கு கேட்பான் என்றார் சங்கையா. பங்கு கேட்காத ஆளாகத் தேடினார்கள். அவருடைய புஞ்சையில் களையெடுத்து, மழை பொய்த்த பிறகு கொட்டகைக்கு வந்த வேலுத்தாய் அகப்பட்டாள்.

(வேலுத்தாயை முதலில் ஏமாளியாக எழுதினேன். விஷயம் தெரியாமல் கைநாட்டு வைத்தாள் என்று. அது எனக்குச் சுலபம், அவளுக்கு அவமானம். கிழித்துப் போட்டேன்.)

அவளுக்கு விஷயம் தெரியும். நல்லசிவம் மறைக்கவில்லை. வரி ஆபீசுக்குப் பேர் மட்டும்தான், தீபாவளிக்கு ஒரு சேலை உண்டு என்றார். வேலுத்தாய்க்கு அது பெருமையாகவே இருந்தது. வாசலில் அவள் பேரைப் போட்டுப் பலகை மாட்டினார்கள். அவள் படிக்கமாட்டாள். ஆனாலும் பெயிண்டு காயும்வரை பக்கத்தில் நின்று பார்த்தாள். அடுத்த நாளிலிருந்து அதே பலகைக்குக் கீழே குனிந்து நுழைந்து, அதே கூலிக்கு, மரக்கட்டையில் வரிசை வரிசையாகக் குச்சி செருகினாள்.

கூட இருந்த பெண்கள் சும்மா விடுவார்களா?

"மொதலாளியம்மா, இடுப்பு நோகுது. அரைநாள் லீவு குடுங்க" என்பாள் இருளம்மாள்.

"குடுத்தாச்சு. போறவ அப்படியே போயிரு, நாளைக்கு வராத" என்பாள் வேலுத்தாய்.

கொட்டகையே சிரிக்கும். அவள் தங்கச்சி செல்லத்தாய்தான் ரொம்பச் சிரிப்பாள். பெட்டியில் குச்சி அடைக்கிற வேலை அவளுக்கு. அள்ளி ஒரே தடவையில் அடைத்துத் தள்ளிவிடும் வேகக் கை.

5

குச்சியோடு குச்சி உரசினாலே சில நேரம் பற்றும். எப்போதும் நடப்பதுதான். சட்டென்று தொட்டியில் கையை முக்கினால் கொப்புளத்தோடு போகும்.

அன்று செல்லத்தாய் கையில் இருந்த கத்தைக்குச்சியும் மொத்தமாகப் பற்றியது. அவள் எழுந்து, பழக்கத்தில், தொட்டி இருக்கிற பக்கம் ஓடினாள். சுவர் நின்றது.

தொட்டி முதல் கொட்டகையில். சட்டப்படி அது வேறு கம்பெனி. வெளியே ஓடி, இரண்டு கொட்டகையைச் சுற்றி, அந்த வாசலில் நுழைவதற்குள் சேலைத் தலைப்பு கையோடு ஒட்டிவிட்டது. சாத்தூர் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் பயமில்லை என்றார்கள். வலது கையின் விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. இனி பிரியாது என்றார்கள்.

6

இதுவரை எழுதியதை உதவி ஆசிரியருக்கு அனுப்பினேன். நல்ல மனிதர். உடனே பதில் போட்டார். நடை பிரமாதம், ஆனால் சிவகாசிக் கதைக்கு ஒரு கை போதாது, வாசகர் ஏமாந்துபோவார், கொட்டகையை முழுசாகக் கொளுத்திவிட முடியுமா என்று கேட்டிருந்தார்.

எத்தனை கை வேண்டும், ஐயா? பத்து? நாற்பது? எத்தனாவது கையில் அது கதையாகிறது, எத்தனாவது கையில் அறிக்கையில் ஏறுகிறது? வரி விகிதத்தை ஒரு வரியில் மாற்றி எழுத முடிகிறவர்களுக்கு, தொட்டி எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. அணைக்குப் பணம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வரி வேண்டும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரி வசூலிக்க வந்த ஜீப் பலகையைப் படித்தது, பெட்டியில் ஒட்டிய ஸ்டாம்பைச் சரிபார்த்தது, டீ குடித்தது, போனது. புதுச் சுவரில் சாய்ந்துதான் டீ குடித்தார்கள்.

(இந்தப் பத்தி கதைக்கு வெளியே போகிறது. தெரியும். இருக்கட்டும்.)

7

நஷ்டஈடு கேட்கலாம் என்று யாரோ சொல்ல, வேலுத்தாய் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு விருதுநகருக்கு பஸ் ஏறினாள். அதிகாரி கெட்டவர் அல்ல. களைத்தவர். கையைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். சட்டம் இருக்கிறது, முதலாளிதான் கொடுக்கவேண்டும் என்றார். எந்தக் கம்பெனி என்று கேட்டுப் பதிவைப் பார்த்தார்.

"ஒங்க முதலாளி பேரு வேலுத்தாய்னு இருக்கு. அந்தம்மாவ வரச் சொல்லணுமே."

"நாந்தாங்க அது" என்றாள் வேலுத்தாய்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அதற்குள் செய்தி எட்டி, சங்கையாவும் நல்லசிவமும் வந்து சேர்ந்துவிட்டார்கள். சங்கையா சத்தம் போடுகிற ஆள் இல்லை. வேலுத்தாயை வராந்தாவுக்குக் கூட்டிவந்து பொறுமையாகச் சொன்னார். முதலாளி என்று ஒப்புக்கொண்டால் நஷ்டஈடு அவள் தலையில் விழும். இல்லை என்று சொன்னால் வரி ஆபீசில் பொய்க் கைநாட்டு வைத்த கேசும் அவள் தலையில்தான். கொட்டகைக்குப் பூட்டு விழும், அத்தனை பெண்களும் காட்டைப் பார்த்து உட்காரவேண்டியதுதான். பேசாமல் ஊருக்கு வந்தால், செல்லத்தாய் கொட்டகை வாசலில் ஆடு மாடு வராமல் பார்த்துக்கொள்ளட்டும், அதற்கு ஒரு கூலி போட்டுவிடலாம்.

"நான் என்ன தாயி செய்ய? வளந்தா வரி போட்டே கொன்னுருவாக. சுவத்த நானா ஆசப்பட்டுக் கட்டுனேன்?"

அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம். அத்தனை பேர் கையிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. செல்லத்தாய் கையில் மட்டும் விரல் விரலாக இல்லை.

வேலுத்தாய் தங்கச்சியைப் பார்த்தாள். செல்லத்தாய் முந்தானையை இடது கையால் இழுத்துச் செருகப் பார்த்து, முடியாமல், பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். வேலுத்தாய் உள்ளே போனாள். அன்று என் காதில் விழுந்தது இதுதான்:

"மொதலாளி நாந்தான்னா, எந் தங்கச்சி கைக்கு நாந்தான் குடுக்கணும்னு எழுதுங்க. அந்தக் கொட்டகையும் சரக்கும் எனக்குத்தான்னு அதுக்குக் கீழயே எழுதுங்க. ரெண்டையும் எழுதுங்க. ஒண்ண மட்டும் எழுதிராதீக."

வாசலில் நின்ற நல்லசிவம் சிரித்தார். சங்கையா சிரிக்கவில்லை.

8

இனி முடிவு. எழுதிப் பார்த்தவை:

அ. அதிகாரி இரண்டையும் எழுதுகிறார். வேலுத்தாய் நிஜ முதலாளியாகிறாள். கைதட்டல். பிறகு? பாங்கில் ஜாமீன் கேட்பார்கள். சரக்கு எடுக்கிற ஏஜெண்டு சங்கையாவின் சம்பந்தி. பிழைக்கவேண்டுமானால் வேலுத்தாயும் வளராமல் இருக்கவேண்டும். கொஞ்ச நாளில் அவளும் ஒரு கொத்தனாரைக் கூப்பிடு—

ஆ. அதிகாரி ஒன்றை மட்டும் எழுதுகிறார். அக்கா தங்கச்சிக்குக் கொடுக்கவேண்டியது, அக்காவுக்கு வழியில்லை, ஆகவே ஜப்தி. ஜப்தி செய்ய அவள் வீட்டில் என்ன இருக்கிற— என் கை இதை எழுதாது.

இ. கொட்டகைக்குப் பூட்டு. இருளம்மாளும் மற்றவர்களும் மழைக்காகக் காத்திருக்கிறார்கள். திட்டுவது சங்கையாவை அல்ல, வேலுத்தாயை.

ஈ. உதவி ஆசிரியர் கேட்டது. எல்லாம் வெடித்து எல்லோரும் செத்துப்போகிறார்கள். எழுதச் சுலபம், படிக்க விறுவிறுப்பு. கேட்பதற்கு ஆள் மிஞ்சாது. அரசாங்கத்துக்கும் வசதி, கதை எழுதுகிறவனுக்கும் வசதி. அதனாலேயே எழுதமாட்டேன்.

9

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். இது நான் முடிக்கவேண்டிய கதை அல்ல. சுவரை நான் கட்டவில்லை, விகிதத்தை நான் போடவில்லை. நானும் போடவில்லை என்று நீங்கள் சொல்லலாம். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அதிகாரி சாப்பிடப் போய்விட்டார். நாற்காலி காலி. பேனா மேஜைமேல் இருக்கிறது. உட்காருங்கள். கோப்பைப் புரட்டுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள். இரண்டு பெண்களும் உங்களைத்தான் பார்க்கிறார்கள். சின்னவள் கையை மறைத்துக்கொண்டால் மறைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். என்ன எழுதினாலும் அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டவேண்டும். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும்.

ம், எழுதுங்கள்.