எதிர் மலையில் பார்க்க ஆளில்லை

1

இந்தக் கதை ஒரு படுக்கை விரிப்பில் தொடங்கியது. நோர்வேயில், லில்லெஸ்ட்ரோமில் ஒரு விடுதியின் சலவை அறையில் நானும் பார் தியால் என்ற பெண்ணும் விரிப்பு மடிக்கிறோம். அவள் பர்மாவின் சின் மலைநாட்டுக்காரி. ஒருநாள் விரிப்பை இரண்டு இடத்தில் கிள்ளித் தூக்கினாள்.

"இது எங்கடை ஊர். இது பெரியம்மாவின்ரை ஊர். நடுவிலை பள்ளம்."

(நாங்கள் பேசுவது அரைகுறை நோர்வே மொழி. என்னிடம் இருக்கிற தமிழை அவளுக்கும் கொடுத்திருக்கிறேன்.)

2

ஒஸ்லோவின் ஓரத்தில், ஸ்டோவ்னரில் என் அறைக்கு வந்து எழுதினேன்: "மேகங்களை முத்தமிடும் மலையுச்சியில்..."

வேண்டாம். நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் ஊரில் ஏறுவதென்றால் பனையில்தான் ஏறலாம். ஒஸ்லோவில் மலைக்கு ரயிலே ஏறுகிறது. அது கணக்கில் சேராது.

இரண்டாவது தொடக்கம்: "தியாலின் தாய் விடிய எழும்பிக் கிணற்றில் தண்ணீர் அள்ளினாள்."

அவளுக்குச் சொல்லிக் காட்டினேன். விரிப்பை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

"கிணறோ? மலை முதுகிலையோ? அண்ணை*, கயிறு விட்டு முடியமுதல் அம்மா செத்துப்போவா."

சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

* 'அண்ணை' நான் சேர்த்தது. இங்கே என்னை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

3

அங்கே தண்ணீர் மேலேயுள்ள ஊற்றிலிருந்து மூங்கில் வழியே இறங்கி வரும். சோளம் சரிவில் நிற்கும். முறிக்கிறவர்களும் சரிந்துதான் நிற்பார்கள். எதிர் மலையில் குரைப்பது யார் வீட்டு நாய் என்று இங்கிருந்தே சொல்லலாம், ஆனால் போய்ச்சேர ஒரு பகல் வேண்டும். அதனால் விடிய தாய் அடுப்பு மூட்டுவாள். கூரைக்கு மேல் புகையைக் கண்டதும் பெரியம்மா தன் அடுப்பை மூட்டுவாள். சுகம் விசாரித்தாயிற்று.

சண்டையில் தொலைபேசிக் கோபுரம் விழுந்தபின் தாயிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. பெரியம்மா எல்லை தாண்டி மிசோரத்துக்குப் போய்விட்டாள். இப்போது புகை எழுந்தாலும் பார்க்க...

4

முடிவு ஒன்று: தொலைபேசி அடிக்கிறது. எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

"அது பொய்யெல்லோ," என்றாள் தியால்.

"அப்ப மற்ற முடிவு..."

"அதை எழுதினா உங்களோடை விரிப்பு மடிக்கமாட்டன்."

"பிறகு நான் என்னத்தை எழுத?"

"அம்மாவை அடுப்படியிலை கொண்டுபோய் விடுங்கோ. மிச்சத்தை அவ பார்ப்பா."

விட்டிருக்கிறேன். மழைக்காலம், விறகு ஈரம். தாய் குனிந்து ஊதுகிறாள். பெரியம்மா நின்ற இடத்தில் இப்போது வாசிக்கிற நீங்கள் மட்டும்தான் நிற்கிறீர்கள். கூரையைப் பாருங்கள். மேகத்தைக் கண்டு புகையென்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். விரிப்பின் மறுமுனையைப் பிடித்தபடி தியால் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.