இடது ஷூவின் மேல் ஒரு புகார்

1

இந்தக் கதை திருட்டுப் பொருள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணியின் இடது கணுக்காலிலிருந்து திருடியது. "யார்கிட்டயும் மூச்சு விடாத தம்பி" என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னார். திங்கட்கிழமை நான் எழுத உட்கார்ந்துவிட்டேன். மூச்சு விடவில்லை, எழுத மட்டும்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அண்ணிக்கு நாற்பத்தோரு வயது. ஒரு ஷூ நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் இருக்கிறார். ஸ்கேட்போர்டில் உருண்டு வந்து, மூன்று படி உயரமுள்ள மரமேடையிலிருந்து பலகையோடு குதித்து இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. யாராவது கேட்டால் என் அண்ணன் "குவாலிட்டில இருக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். நானாக இருந்தால் ஊரைக் கூட்டிச் சொல்வேன். நானும் ஒரே ஒரு முறை ஸ்கேட்போர்டில் நின்றிருக்கிறேன், சுவரைப் பிடித்துக்கொண்டு.

2

முதல் தொடக்கம்: அவள் ஒரு பறவையைப் போல மேடையிலிருந்து —

(வேண்டாம். எந்தப் பறவைக்கும் இறங்கி இறங்கி முழங்கால் தேய்வதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: நவீனத் தொழில்நுட்பம் மனிதப் பாதத்தை —

(இதை எழுதியவன் விளம்பரத் துறைக்குப் போகட்டும்.)

மூன்றாம் தொடக்கம்: சோதனைக்கூடத்தில் இடது ஷூவை மூன்றாவது முறையாக மாற்றினார்கள்.

இது நிற்கிறது. இதைப் பிடித்துக்கொண்டே போவோம். ஒரு சங்கதி: கதைக்குள் அண்ணியை 'அவள்' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. வீட்டில் அப்படிச் சொன்னால் அண்ணன் உதைப்பார்.

3

சோதனைக்கூடத்தில் இடது ஷூவை மூன்றாவது முறையாக மாற்றினார்கள். மாற்றியவர் அந்த ஷூவை உருவாக்கிய பொறியாளர், முப்பது வயதுப் பெண். குதிகால் மெத்தையைத் தவிர அவருக்கு வேறு பேச்சே கிடையாது என்பதால் எல்லோருக்கும் அவர் 'மெத்தை மேடம்'.

அந்த மெத்தையைப் பற்றி நான் கொஞ்சம் வாய்பிளக்க வேண்டியிருக்கிறது. குதிகாலுக்கு அடியில் ஒரு திரவப் பை. நடக்கும்போது இளகிக் கிடக்கும். குதித்து இறங்கினால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இறுகித் தாங்கும். உள்ளே பொத்தான் அளவில் ஒரு சென்சார், ஒவ்வோர் இறக்கத்தையும் குறித்துக்கொண்டு, அடுத்த இறக்கத்துக்கு எவ்வளவு இளக வேண்டும், எவ்வளவு இறுக வேண்டும் என்று தானாக முடிவு செய்யும். புது ஷூ வாங்கினால் கடிபட்டாவது கால்தான் அதற்குப் பழக வேண்டும் என்பது உலக வழக்கம். இது காலுக்குப் பழகுகிற ஷூ.

வலது ஷூ ஒழுங்காக இறுகியது. இடது மட்டும் இளகியே நின்றது. சோதனைத் திரையில் இரண்டு ஷூக்களின் இறுக்கத்தைக் காட்டும் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். இடது கோடு கீழே கிடந்தது. மாற்றிப் போட்ட ஷூக்களும் இரண்டே நாளில் அதே தப்பைச் செய்தன.

"இந்த இடதுக்கு மட்டும் என்னதான்க்கா கேடு?" என்றார் மேடம்.

"ஒட்டுறதுல ஏதாவது கோளாறா இருக்கும் மேடம்," என்றாள் அவள்.

பொய். எட்டு மாதத்துக்கு முன்னால், எத்தனையோ சரிவுகளில் விழாதவள், குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடது கணுக்காலில் தசைநார் கிழிந்தது. பழையபடி ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காயம் உள்ளவர்கள் குதிக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. கிடங்குக்கு அனுப்பிப் பெட்டிகளில் லேபிள் ஒட்ட வைப்பார்கள். அதனால் சாக்ஸுக்கு அடியில் பட்டை சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பாரத்தை வலது காலில் வாங்கி இறங்கினாள்.*

*முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எட்டு மாதம் மறைத்தார். எனக்கு இதில் ஒரு வியப்பு இருக்கிறது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"உங்க அண்ணன் கண்டுபிடிக்கல," என்றார் அண்ணி அந்த ஞாயிற்றுக்கிழமை. "மனுஷங்கள கூர்ந்து பாக்குற எழுத்தாளன்னு பீத்திக்குற, நீயும் கண்டுபிடிக்கல. ஒரு ஷூ கண்டுபிடிச்சிருச்சு தம்பி. இந்தக் கால் தாங்காதுன்னு அதுவே புரிஞ்சுகிட்டு, எனக்காக இளகிக் குடுக்குது. அதப் போயி கோளாறுங்குறாங்க."

அவர் அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது.

4

இங்கே எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கூட்டம். அதற்குள் இடது கோடு சரியாகாவிட்டால், தானாகப் பழகும் மெத்தையைக் கைவிட்டுச் சாதாரண நுரை வைத்துவிடுவார்கள். மேடத்தின் நாலு வருட உழைப்பு. இவ்வளவு நல்லவள் வாயைத் திறக்காமல் இருப்பாளா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவளுக்கோ ஆடத் தெரியும், கூடமும் கோணல் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அண்ணியிடம் நேராகவே கேட்டேன்.

"கால் தரையில இல்லாம இருக்குற அந்த அரை நொடி இருக்கே, அதுக்காகத்தான் நான் காலைல எழுந்திரிக்கிறேன்," என்றார். "அத விட்டுட்டா நான் யாரு தம்பி?"

சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

5

புதன்கிழமை அவள் என் திட்டத்தில் இல்லாத ஒன்றைச் செய்தாள் (அண்ணி ராத்திரி போனில் சொன்னது). வலியைப் பொறுத்துக்கொண்டு இரண்டு காலிலும் சமமாக இறங்கிவிடுவது. கோடுகள் சேர்ந்துவிடும், ஷூ தப்பிக்கும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு குதித்தாள். எதிர்பார்த்த வலி வரவில்லை. அந்தக் காலை நன்றாகத் தெரிந்துவைத்திருந்த இடது ஷூ, பாரம் வந்த வேகத்துக்கு இன்னும் ஆழமாக இளகி அதை வாங்கிக்கொண்டது. திரையில் இடது கோடு முன் எப்போதையும்விடக் கீழே போனது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மேடம் வெகுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்து, அவர் கையாலேயே அவளுடைய இடது ஷூவின் நாடாவை அவிழ்த்தார். பட்டைக்கும் அவர் விரலுக்கும் ஓர் அங்குலம்தான் இருந்தது.

"விடுங்கக்கா. தப்பு என் மேலதான். மெத்தை வேலை செய்யல," என்றார்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

6

வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணி வந்தார். திருட்டை ஒப்புக்கொண்டு தாள்களைக் கொடுத்தேன். திட்டவில்லை. மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

(அ) கூட்டத்தில் அவள் எழுந்து உண்மையைச் சொல்கிறாள். எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

"அந்தக் கூட்டத்துல எனக்கு நாற்காலியே கிடையாது," என்றார்.

(ஆ) அவள் சொல்லவில்லை. ஷூ கைவிடப்படுகிறது. அவள் தொடர்ந்து குதிக்கிறாள்.

இதை அவர் பேனாவை வாங்கி அடித்தார், தாள் கிழிந்துவிட்டது.

(இ) மேடமே பட்டையைக் கண்டுபிடித்துவிடுகிறார்.

"நல்லாருக்கு," என்றார். "ஆனா இது எனக்கு ரொம்ப வசதியா இருக்கு. வேண்டாம்."

தாள்களையெல்லாம் ஒன்றாக அடுக்கினார். பிறகு, "பிரின்டர்ல மை இருக்கா?" என்றார்.

"எதுக்கு அண்ணி?"

"சோதனை பண்றவங்க குறிப்பெழுத ரெண்டு வரிதான் இடம் விடுறாங்க. எனக்கு இத ரெண்டு வரியில சொல்ல வராது. இத அப்படியே குடுத்துடுறேன்."

"அப்புறம் குதிக்க விடமாட்டாங்களே அண்ணி."

"தெரியும்."

"பறவை கிறவையெல்லாம் இருக்கு. அதையாவது எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும். நீ எவ்வளவு திணறுனேன்னு அவங்களும் பாக்கட்டும்."

7

வாசகரே, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இனி இது வேறொருவருக்கு.

மேடம், கூட்டத்துக்கு முன்னால் இது உங்கள் மேசையில் இருக்கும். உங்கள் மெத்தை வேலை செய்கிறது. கூடவே வாழ்கிற நாங்கள் எட்டு மாதமாகக் காணாததை அது இரண்டே நாளில் கண்டது, மூன்று முறையும் கண்டது. நீங்கள் அதைத் திட்டியபோதும் அது மாறவில்லை. இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு எழுதத் தெரியாது.

இதைக் கொடுத்துவிட்டு அண்ணி நேராக மரமேடைக்குத்தான் போவார். நீங்கள் வரும்போது அவர் இரண்டு ஷூவையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் நீங்கள் சொல்லப்போகும் முதல் வாக்கியத்தை ராத்திரியிலிருந்து எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். என்னால் முடியவில்லை, அது என்னுடையதும் இல்லை.

உங்கள் வாக்கியத்துக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். இரண்டு வரி போதாது என்பதால் அரைப் பக்கம்.