ஒரு கரண்டித் தூள்

மருத்துவமனையின் கழிவுப் பிரிவு மேற்பார்வையாளருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் 'நாளைக்கு'. அது அவருக்கும் தெரியும். பொருத்தமான பெயர்தான் என்று சவரம் செய்கையில் கண்ணாடியைப் பார்த்து அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். யார் எதைச் சொன்னாலும் "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். அந்த நாளை வந்து சேரும்போது பெரும்பாலும் விடுப்பில் இருப்பார்.

அறுவை அரங்கில், நோயாளியின் உடம்பிலிருந்து உறிஞ்சி எடுக்கிற இரத்தமும் கழுவிய நீரும் வந்து நிறைவதற்கென்று ஒரு பாட்டில் உண்டு. நிறைந்ததும் அதைத் தொட்டியில் கொட்டிக் கழுவுவது துப்புரவுப் பணியாளர் அக்காவின் வேலை. எல்லாருக்கும் அவர் அக்காதான். தெறிக்காமல் தடுக்கத் தொட்டியின் மேலிருந்த மறைப்பு உடைந்து கிடக்கிறது என்று அக்கா மூன்று முறை மேற்பார்வையாளரிடம் வந்து சொன்னார். மூன்று முறையும் கிடைத்தது அதே பதில். போன மாதம் பாட்டில் கைநழுவி, உள்ளே இருந்தது அக்காவின் கண்ணில் தெறித்தது. முதல் இரத்தப் பரிசோதனையில் தொற்று எதுவும் இல்லை. இன்னும் இரண்டு பரிசோதனை பாக்கி. அதுவரைக்கும் என்று அக்கா வீட்டில் தன் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்.

தட்டு விஷயம் காதில் விழுந்த நாளிலிருந்து மேற்பார்வையாளருக்குச் சோறு இறங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை அன்றைக்கே தொடங்கினார். அலைந்து விசாரித்து ஒரு தூளைக் கண்டுபிடித்தார். பார்க்கச் சர்க்கரை மாதிரி இருக்கும். குழந்தைகளின் டயப்பருக்குள் ஈரத்தைப் பிடித்து வைக்கிற அதே சரக்கு. பாட்டிலில் போட்டால் உள்ளே இருப்பது கெட்டியாகிவிடும். கொட்டவே வேண்டாம். மூடி, பாட்டிலோடு எரிப்பதற்கு அனுப்பிவிடலாம். அப்புறம் அந்தத் தொட்டிப் பக்கம் யாரும் நிற்க வேண்டியதில்லை. இதற்குப் பெரிய டாக்டர் சம்மதிக்க வேண்டும். அந்த அம்மாள் பத்து நிமிடம் கொடுத்தார்.

அன்று மேற்பார்வையாளர் புதுச் சட்டை போட்டு வந்தார். ஒரு பாட்டில் குழாய்த் தண்ணீரில் ஒரு கரண்டித் தூள். இரண்டு நிமிடம் கழித்துக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. நர்சுகள் கை தட்டினார்கள். அத்தோடு அவர் வாயை மூடியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

"குழாத்தண்ணி சரி" என்றார் பெரிய டாக்டர். "தியேட்டர்ல நாங்க கழுவுறது சலைன்ல. அதுவும் உப்புத்தண்ணி, ரத்தமும் உப்பு. அதுல செஞ்சு காட்டுங்க."

"எதுவா இருந்தா என்ன மேடம், தண்ணி தண்ணிதானே. இந்தத் தடவை என் தலைக்கு மேலயே கவுத்துக் காட்டுறேன்."

புதிதாகப் பிரித்த சலைனைப் பாட்டிலில் ஊற்றினார்கள். அதிலும் அதே ஒரு கரண்டி. இரண்டு நிமிடமும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாரே தவிர, பாட்டிலைப் பார்க்கவில்லை. தூக்கினார், கவிழ்த்தார். பாதி பசையும் பாதி தண்ணீருமாக அது உச்சந்தலையில் விழுந்து, காலருக்குள் இறங்கி, முதுகு வழியாகப் பயணம் போனது. இருபது வருடமாகக் கழிவை நிறம் நிறமான பைகளில் வகை பிரித்தவர், தன்னை எந்த நிறப் பையில் போடுவது என்று ஒரு கணம் யோசித்தார். எந்தப் பையும் ஏற்காது என்று தோன்றியது.

பெரிய டாக்டர் எழுந்துவிட்டார். "இது சரிப்படாது. மறைப்ப மாத்திட்டு, பழையபடி தொட்டியிலயே கொட்டட்டும்."

கதவோரம் நின்றிருந்த அக்கா பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையுறையை இழுத்துவிட்டார். தொட்டிக்குத்தான் கிளம்புகிறார். அதைப் பார்த்ததும் மேற்பார்வையாளர் சொட்டச் சொட்டப் போய்ப் பெரிய டாக்டரின் வழியை மறித்தார்.

"தூள் மேல தப்பு இல்ல மேடம், என் மேலதான். எப்படிப் போடணும்னு பாக்கெட்லயே எழுதியிருக்கும். நான் படிக்கல." பாக்கெட்டைத் திருப்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல்முறையாகப் படித்தார். உப்பு கலந்த திரவத்துக்கு ஐந்து மடங்கு தூள், ஐந்து நிமிடம் என்று தெளிவாகவே இருந்தது. "மறைப்பு உடைஞ்சிருக்குன்னு அக்கா மூணு தடவை சொன்னாங்க. அதையும் நான் காதுல வாங்கல. அவங்க கண்ல பட்டது என்னாலதான். நீங்க என்னை என்ன வேணா பண்ணுங்க. அவங்களைத் திரும்ப அந்தத் தொட்டிக்கு அனுப்பாதீங்க."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அக்காவிடம்கூட. பெரிய டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை. அவ்வளவுதான்."

இன்னொரு பாட்டில், புது சலைன். அவர் தூளை அள்ளிப் போட்டார். பக்கத்தில் வந்து நின்ற அக்கா ஒவ்வொரு கரண்டியையும் வாய்விட்டு எண்ணினார். ஐந்து கரண்டி. ஐந்து நிமிடம். தன் தலைக்கு மேலேயே கவிழ்க்கலாம் என்று அவர் கை நீட்டுவதற்குள் அக்கா பாட்டிலை எடுத்துவிட்டார்.

"நீங்க நனைஞ்சது போதும் சார்."

"வேணாம்க்கா. எதுக்கு நீங்க?"

அக்கா பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முகத்தை நிமிர்த்தி, அதற்கு நேர் மேலே பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தார்.

ஒன்றும் விழவில்லை. பெரிய டாக்டர் சம்மதக் கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்தார். எல்லாரும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் அக்காவின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவற்றை மூடவே இல்லை.