ஒரு பக்கம் சாய்ந்த வகுப்பு

கைகளால் கற்பித்தவள் அவள். மற்ற உடற்பயிற்சியாளர்கள் மேடையில் நின்று எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருக்க, அவள் வரிசை வரிசையாக நடப்பாள். வளைந்த முதுகில் உள்ளங்கையை வைத்து நிமிர்த்துவாள். இறுகிய தோளை இரு விரலால் தட்டித் தளர்த்துவாள். "மூச்சை எதுக்கும்மா பீரோவுல வெச்சுப் பூட்டற? வெளியே விடு!" என்று அதட்டுவாள். அடுப்படியில் குனிந்து, அலுவலகத்தில் குனிந்து, கட்டியவன் முன்னாலும் குனிந்து, குனிவதையே அடக்கமென்று நம்பிவிட்ட பெண்களை நிமிர்ந்து நிற்கச் செய்த கைகள் அவை. வகுப்புக்கு வருவோர் அவளை 'மாஸ்டர் அக்கா' என்றார்கள். எந்தப் பயிற்சியையும் ஒரே ஒரு முறை செய்து காட்டுவாள். பிறகு நடை. அந்த நடைதான் பாடம்.

வகுப்பு நடந்த கூடத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் கட்ட முடிவாயிற்று. இனி வகுப்புகள் அனைத்தும் ஆன்லைனில்தான் என்று அறிவித்தான் நிர்வாகி. அவள் மகன் வயதுக்காரன்; பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை, பார்வையில்தான் அது இல்லை. மூத்த பயிற்சியாளர்கள் இருவரையும் தன் அறைக்கு அழைத்து, சோதனை வகுப்புக்காக லேப்டாப்பைத் திறந்து வைத்தான். ஒருத்தி மாஸ்டர் அக்கா. மற்றவர், ஆண்கள் வகுப்பை நடத்தும், எல்லாரும் 'பயில்வான்' என்றே அழைக்கும் பெரிய மீசைக்காரர்.

பயில்வான் திரையைப் பார்த்து, ஆற்றின் அக்கரையில் நிற்பவனைக் கூப்பிடுவதுபோல் முழங்கினார்.

"அண்ணே, மெதுவா! பக்கத்துக் கட்டடத்துக்கே கேக்குது, அவங்களுக்குக் கேக்காதா?"

"எனக்கென்ன தெரியும் தங்கச்சி? ஆளுங்க இத்தனூண்டா தெரியறாங்க. ரொம்ப தூரத்துல இருக்காங்களாக்கும்னு நெனச்சேன்."

நிர்வாகி சிரிக்கவில்லை. "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. நின்னு பேசற வேலை இங்க கிடையாது. ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் நீங்களே செஞ்சு காட்டணும். திரையில ஆள் அசையலேன்னா பாக்கறவங்க வேற எங்கேயாவது போயிடுவாங்க. முடியாதவங்க இப்பவே சொல்லிடலாம். தப்பில்ல. சின்னப் பசங்க எத்தனையோ பேர் காத்திருக்காங்க."

முடியாது என்று அவள் சொன்னாளா? இல்லை. அவளுடைய இடது முழங்கால் ஓடாய்த் தேய்ந்திருந்தது. மருத்துவருக்கும் கணவருக்கும் தவிர வேறெவருக்கும் அது தெரியாது. பிறரை எழுப்பி எழுப்பித் தேய்ந்த மூட்டு! அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாள் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் முதுமையை நோய் என்கிறார்கள். நோயை அவமானம் என்கிறார்கள். அவமானப்பட்டவளை வீட்டுக்குப் போ என்கிறார்கள். வீடு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அங்கே அவள் ஒருவருக்கு மனைவி, ஒருவனுக்குத் தாய், சாம்பார்க் கரண்டிக்கு ஒரு கைப்பிடி. வகுப்பில் மட்டுந்தான் அவள் அவளாக இருந்தாள். ஆகவே வாயை மூடிக்கொண்டாள்.

படுக்கையறைக் கட்டிலைச் சுவரோடு தள்ளி, துணி தேய்க்கும் மேசைமேல் லேப்டாப்பை ஏற்றி, வகுப்பைத் தொடங்கினாள். முதல் நாளே கணவர் ஈரத் துண்டோடு திரைக்குக் குறுக்கே நடந்துபோக, பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மறுநாள் முதல் அவர் குளியலறையிலேயே காவல் கிடந்தார்.

"முட்டி என்ன சொல்லுது?" என்று கேட்டார் ஒரு நாள், வகுப்பு முடிந்து அவள் ஐஸ் பொட்டலத்தை வைத்துக்கொண்டிருந்தபோது.

"அது சொல்றதைக் கேட்டா மூலையிலதான் உக்காரணும்."

"உக்காரேன். நான் உக்காரலையா?"

"நீங்க பொறந்ததுல இருந்தே உக்காந்திருக்கீங்க. உங்களுக்குப் பழக்கம்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

வகுப்பைத் தானே திரையில் பார்க்கப் போவதாக நிர்வாகி ஒரு நாள் சொல்லியனுப்பினான். அன்று காலை, முகங்களுக்கு நடுவே முகமில்லாத கறுப்புச் சதுரமாக அவன் வந்து அமர்ந்தான். அவள் இரட்டிப்பு வேகத்தோடு செய்தாள். உட்கார்ந்தெழும் பயிற்சி வந்தது. பல்லைக் கடித்து இறங்கினாள், எழுந்தாள், இறங்கினாள். செய்து காட்டும் அவசரத்தில் இத்தனை நாளும் தன் உருவத்தையே கவனித்துக்கொண்டிருந்தவள், அன்று மூச்சு வாங்க நின்ற ஒரு கணத்தில் எல்லாச் சதுரங்களையும் ஒருசேரப் பார்த்தாள்.

எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தார்கள்.

மேசை கோணலோ? குனிந்து பார்த்தாள், நேராகத்தான் நின்றது. அவர்கள் வீட்டுக் கதவுகள் நேராக இருந்தன. சன்னல்கள் நேராக இருந்தன. மனிதர்கள் மட்டும் சாய்ந்திருந்தார்கள், காற்றடித்த பயிர் போல.

"தலைமையாசிரியை அம்மா, ஏன் சாயறீங்க? ரெண்டு கால்லயும் ஒரே பாரம் விழணும்!"

பள்ளியில் பிள்ளைகளை அதட்டியே பழகிய குரல் சற்றுத் தயங்கிப் பதில் சொன்னது. "நீங்க செய்யற மாதிரிதானே அக்கா செய்யறேன்?"

வங்கியில் வேலை செய்யும் பெண் உடனே சேர்ந்துகொண்டாள். "அக்கா, நானே கேக்கணும்னு இருந்தேன். கொஞ்ச நாளா இடது இடுப்புல பிடிச்சு இழுக்குது. படி ஏற முடியல. வயசாயிடுச்சு போலிருக்குன்னு விட்டுட்டேன்."

"உனக்குமா?" என்றார் தலைமையாசிரியை. "எனக்கும் இடதுதான்!"

எதிரே நிற்பவரைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு, அவர் வலப்பக்கம் தங்கள் இடப்பக்கம். தொழிலின் அரிச்சுவடி அது. நைந்த இடக்காலைக் காப்பாற்ற உடலின் பாரத்தையெல்லாம் அவள் வலக்காலில் இறக்கினாள். அதைக் கண்ணாடி போல் ஏற்று, அவர்கள் இடக்காலில் இறக்கினார்கள். கூடத்தில் அவள் உடம்பு தவறாகக் காட்டியதை அவள் கைகள் திருத்தின. இங்கே கைகள் இல்லை. உடம்பு மட்டுமே பேசியது. அந்த உடம்பு பொய் சொன்னது. நம்பி வந்த பெண்கள் அந்தப் பொய்யை இடுப்பில் சுமந்தார்கள். சுமந்துவிட்டு, பழியைத் தங்கள் வயதின்மேல் போட்டுக்கொண்டார்கள்.

கறுப்புச் சதுரம் அசையாமல் இருந்தது. இன்னும் சற்று நேரம் பல்லைக் கடித்தால் போதும், வகுப்பு அவளுடையதாகவே இருக்கும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எல்லாரும் நிறுத்துங்க. என் இடது முட்டி தேஞ்சு போச்சு. அதான் நான் சாயறேன். உங்க வலிக்கு வயசு காரணம் இல்ல, நான்தான் காரணம். இனிமே என்னைப் பாத்துச் செய்யாதீங்க. நான் உங்களைப் பாக்கறேன்."

நாற்காலியைத் திரைக்கு அருகே நகர்த்தினாள்.

"போனைத் தள்ளி வையுங்க. முகம் வேண்டாம், இடுப்பும் காலும் தெரியணும்."

"அக்கா, என் இடுப்பு இந்தப் பொட்டிக்குள்ள அடங்காது!" என்றாள் வங்கிக்காரி. சிரிப்பு எழுந்தது, சதுரங்கள் ஆடின, முகங்கள் மறைந்து கால்கள் வந்தன. அவள் கண்கள் வரிசை வரிசையாக நடந்தன. "நீலச் சட்டை, குதிகாலை அழுத்து. தலைமையாசிரியை அம்மா, வலது பக்கம் கொஞ்சம் வாங்க. இன்னும். அங்கதான், அப்படியே இறங்குங்க." மெல்ல மெல்ல உடல்கள் நிமிர்ந்தன.

திரையின் ஓரத்தில் ஒரு செய்தி முளைத்தது. 'மேடம், எழுந்து செய்து காட்டவும்.' படித்தாள், எழவில்லை. மீண்டும் முளைத்தது. 'மேடம், ப்ளீஸ்.' அவள் வங்கிக்காரியின் முழங்காலைத் திருத்திக்கொண்டிருந்தாள். பாதிச் சொல் வாயில் இருக்கும்போதே எல்லாச் சதுரங்களும் அணைந்தன. வகுப்பு முடிக்கப்பட்டது என்றது திரை.

கணவர் வாசலில் வந்து நின்றார். ஐஸ் பொட்டலத்தை அவளிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து வீடியோவில் அழைத்தார் பயில்வான். அந்த மீசையில் வழக்கமான முறுக்கு இல்லை.

"தங்கச்சி, நாளையிலிருந்து உன் வகுப்பையும் என்னையே எடுக்கச் சொல்றான்."

"எடுங்கண்ணே. என்னத்துக்கு என்கிட்ட கேக்கறீங்க?"

"நடந்ததைச் சொன்னான். அதுக்கப்புறம் ஒண்ணும் ஓடல. கொஞ்சம் இதைப் பாரேன்."

போனைச் சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் போய் இரு கைகளையும் மேலே தூக்கினார். வலக்கை உச்சிக்குப் போயிற்று. இடக்கை காதருகே நின்றுவிட்டது. மீதியை இடுப்பை வளைத்து மறைத்தார், அழகாகத்தான் மறைத்தார். அவளைத் தவிர எவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

"எவ்வளவு காலமா?"

"வருஷக்கணக்காச்சும்மா. யார்கிட்ட சொல்றது?"

"உங்க வகுப்புல யாருக்காவது முதுகு வலிக்குதாண்ணே?"

பயில்வானின் கைகள் தாமாக இறங்கின.

"நான் கேட்டதே இல்லையேம்மா."

"கேளுங்க. இன்னைக்கே கேளுங்க."

"கேட்டா, என் வகுப்பும்..." என்று தொடங்கி நிறுத்தினார். அவளும் அதை முடித்துக் கொடுக்கவில்லை. இருவரில் எவரும் அழைப்பைத் துண்டிக்கவுமில்லை.