‘டாய்’ என்றால் போதும்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. அக்கா ஒருநாள் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தபடி சொன்னது. அவள் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ். பத்தொன்பது வருஷமாக அடுத்தவர்களைத் தூக்கி உட்காரவைத்து இடுப்பு போய்விட்டது. எழுதட்டுமா என்றேன். “என்னமோ பண்ணு. என்னைத் தியாகி ஆக்கிடாதே.”

முதல் வரி இப்படி இருந்தது: ‘மொழி என்பது பெருங்கடல், அதன் கரையில் ஒருத்தி...’

அடித்துவிட்டேன். அக்காவுக்கு நீச்சல் தெரியாது.

2

நோயாளி, ஓய்வுபெற்ற பல் டாக்டர். பக்கவாதம் வந்தபின் ஊர் மொழி அவர் வாயிலிருந்து அடியோடு போய்விட்டது. சின்ன வயதில், இந்த ஊருக்கு வருமுன் பேசிய ஹீப்ரு மட்டும் மிச்சம். ஒரே மகனுக்கு அதை அவர் சொல்லித் தந்ததே இல்லை. (ஏன்? அக்காவுக்குத் தெரியாது. நானாக ஒரு காரணம் ஜோடித்தேன், பல்லை இளித்தது.)

மகனைப் பொறுத்தவரை அப்பா உளறுகிறார். அக்காவால் அப்படி இருக்க முடியுமா? தண்ணீர் கேட்கிறாரா, வலிக்கிறது என்கிறாரா என்று தெரிந்தாக வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து போனில் படித்தாள். ‘மாயிம்’ தண்ணீர். ‘கெஏவ்’ வலி. ‘ஸவ்லனூத்’ பொறுமை. ‘ஸேவெல்’ துன்பம், ‘ஸபால்’ சுமைதூக்கி. மூன்றும் ‘தாங்கு’ என்ற ஒரே வேரிலிருந்து வந்தவையாம்.

“மூணும் நான்தான்” என்றாள்.

(நம் ‘பொறை’யிலும் சுமை, பொறுமை இரண்டும் உண்டு. இதற்கு ஒரு பக்கம் எழுதினேன். அக்கா கொட்டாவி விட்டாள். எடுத்துவிட்டேன்.)

3

ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்தாள். பெரியவருக்குச் சரியாக விழுங்க வரவில்லை, வயிற்றில் குழாய் வைத்துத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டும், மகன் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். மகன் பேனாவைத் திறந்ததும் பெரியவர், “டாய், டாய்” என்றார்.

என்ன சொல்கிறார் என்று மகன் அக்காவைக் கேட்டான்.

முதல் பிரதியில் அவள் உடனே உண்மையைச் சொல்லிவிட்டாள். படித்துக் காட்டினேன். “இல்லடா. ‘சரி’ங்கறார்னு சொல்லிடலாமான்னு பாத்தேன். எல்லாருக்கும் வேலை முடிஞ்சிருக்கும். எனக்கு அவ்வளவு அசதி.”

ஆகவே, திருத்தம். அக்கா மகன் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள், பெரியவரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “போதும்ங்கறார் சார். எது போதும்னு எனக்குத் தெரியல. நீங்களே கேளுங்க. ‘மா, அபா’ன்னா ‘என்ன, அப்பா’.”

மகனுக்கு வாய் கூசியது. ஐம்பது வயதில் அந்த இரண்டு சொற்களை எழுத்துக் கூட்டுவதுபோலச் சொன்னான்.

பெரியவர் அவனையே பார்த்தார். பிறகு நிற்காமல் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். அக்காவுக்கு அதில் பிடிபட்டது ‘பெனி’ மட்டும். என் மகனே.

மகன் பேனாவை மூடினான். இரண்டு நாள் பொறுங்கள், மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிவருகிறேன் என்றான்.

4

பெரியவரின் அந்தப் பேச்சுக்கு நான் கற்பனையாக இரண்டு மொழிபெயர்ப்பு எழுதினேன். ஒன்றில் பெரியவருக்குக் குழாய் வேண்டாம், இதோடு விட்டுவிடச் சொல்கிறார். இன்னொன்றில் போதும் என்பது தினமும் ஊட்டுகிற உப்பில்லாத கஞ்சியைத்தான். அவருக்கு இன்னும் இருக்க ஆசை. இரண்டுமே நன்றாக வந்திருந்தன. அதுதான் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை மொழி தெரிந்தவர் வந்தார். பெரியவர் சொன்னது என்னவாம் என்று அக்காவைக் கேட்டேன்.

“நான் வெளியே வந்து படியில உக்காந்துட்டேன். அது அவங்க அப்பா பிள்ளை பேச்சு.”

உள்ளே வெகுநேரம் குரல் கேட்டதாம். கதவு சாத்தியிருக்கிறது. நீங்கள் தட்டுவதென்றால் தட்டுங்கள். நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.