ஒரு கிலோ லேப்டாப்

நான்காவது மாடிக்கு ஏறி முடிப்பதற்குள் நர்ஸம்மாவுக்கு மூச்சு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பது அவள் வேலை. இது அன்றைக்கு நாலாவது வீடு, இன்னும் இரண்டு பாக்கி. பையிலிருந்த பஞ்சும் கட்டுத்துணியும் பிரஷர் மெஷினும் ஒரு கனமே இல்லை. கனமெல்லாம் ஆபீஸ் கொடுத்த லேப்டாப்தான். அதன் பேட்டரி செத்து இரண்டு வருஷமாகிறது. ப்ளக்கில் சொருகினால்தான் கண் திறக்கும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடிந்ததும் ப்ளக் பாயின்ட் கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, விவரங்களை ஏற்றிவிட்டுத்தான் கிளம்ப முடியும்.

பழையது போனால் புதுசு தரமாட்டோம், ஆளாளுக்குச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஆபீஸில் கையை விரித்துவிட்டார்கள். அவள் சக்திக்கு எட்டியது ஒரு குட்டி லேப்டாப். வாங்கலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாக மதில் மேல் பூனையாக இருந்தாள். அன்று காலை பஸ்ஸில், கட்டுத்துணி வந்த அட்டையின் பின்பக்கம் நல்லதையும் கெட்டதையும் எழுதிப் பார்த்தாள். தோள் பிழைக்கும். ஒரு சார்ஜில் பகல் முழுக்க ஓடும். ஆனால் திரை சின்னது, இவளுக்கோ கண்ணாடி போட்டும் பொடி எழுத்து தெரியாது. விரல் ஒரு எழுத்தை அழுத்தப் போனால் பக்கத்து எழுத்தும் கூடவே வரும்.

அந்த வீட்டிலிருந்தவர் முப்பது வருஷம் எடைமேடையில் லாரிகளுக்கு எடை போட்டவர். சர்க்கரைப் புண் வந்து கட்டிலோடு கிடந்தார். மருமகள் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை அவரும் சுவரும்தான்.

கட்டுப் போடும்போது பையிலிருந்து எட்டிப்பார்த்த அட்டையைக் கண்டுவிட்டார். விஷயத்தைச் சொன்னாள்.

"எடை என்ன?"

"ஒரு கிலோதான் சார்."

"சார்ஜரோடயா, சார்ஜர் இல்லாமயா? வண்டியை எடை போட்டா டிரைவர் உள்ள இருக்காரான்னு பாக்கணும்மா. அங்கதான் ஏமாத்துவாங்க."

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அட்டையையும் பேனாவையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் வழக்கம்போல ப்ளக் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். அவர் எழுதியதைப் பஸ்ஸில்தான் படித்தாள். கெட்டது என்ற பட்டியலின் அடியில், நடுங்கிய எழுத்தில் ஒரு வரி: 'இனிமே நர்ஸம்மா உட்கார மாட்டாங்க.'

அட்டையை மடித்து வைத்துக்கொண்டாள். யோசித்துப் பார்த்தால், பகல் முழுக்க அவள் பிருஷ்டம் நாற்காலியில் படுவதும் அந்தக் கால் மணி நேரங்களில்தான். அதை ஒரு வசதி என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. தொல்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

ஆனால் சனிக்கிழமை காலை தலை வார வலது கையைத் தூக்கினால் கை வரவில்லை. ஸ்கூல் வேன் ஓட்டும் அவள் கணவர் சீப்பைப் பிடுங்கி, கோணல்மாணலாக வாரிவிட்டு, "கிளம்பு, கடைக்குப் போலாம்" என்றார்.

கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார்: "எழுத்து வேலைக்குத் தாராளமா போதும்மா. நாலஞ்சு வேலையை ஒண்ணா குடுத்தீங்கன்னா அதுக்கு முழி பிதுங்கிடும்."

"என்னை மாதிரியேதான்" என்றாள் நர்ஸம்மா.

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதும்மா, எடுத்துக்கோ" என்றார் கணவர்.

எடுத்துக்கொண்டாள். முதல் வாரம் சொர்க்கம்தான். தோள் அவள் தோளாகவே இருந்தது. எழுத்துப் பிழைகள் மலிந்தாலும், விவரங்களைப் பஸ்ஸிலேயே ஏற்றினாள். சொந்தமாக வாங்கிக்கொண்ட மற்ற நர்ஸுகளும் அப்படியே செய்தார்கள். அடுத்த திங்கட்கிழமை மேற்பார்வை மேடம் போன் செய்தார்.

"இப்பதான் எல்லாரும் வழியிலேயே என்ட்ரி போட்டுடறீங்களே. வீட்டுக்குக் கால் மணி நேரம் மிச்சம். நாளையிலேருந்து ஆளுக்கு எட்டு வீடு."

தோள் தப்பித்தது, கால் மாட்டிக்கொண்டது. யாரிடம் போய் அழுவது?

வியாழக்கிழமை எடைமேடைக்காரர் புது லேப்டாப்பைப் பார்த்தார். கட்டுப் போட்டு முடித்ததும், "போயிட்டு வாங்கம்மா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

வாசல் வரை போனவள் நாலு மாடிப் படிகளையும் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அஞ்சு நிமிஷம் உக்காந்துக்கறேன் சார். கால் கெஞ்சுது."

"அதுக்கென்னம்மா, நல்லா உக்காருங்க." அவர் தலையணையில் நிமிர்ந்துகொண்டு, மணலுக்கு அடியில் தன் மச்சானை ஒளித்து எடை ஏற்றப் பார்த்த ஒரு லாரிக்காரன் கதையை ஆரம்பித்தார். மச்சான் தும்மிவிட்டானாம். நர்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

பாதியில் போன் அடித்தது. மேடம்தான். "இன்னும் நாலாவது வீட்டுலயா இருக்கீங்க? அங்க என்ன அவ்வளவு நேரம்?"

"இங்க நேரமாகும் மேடம். எப்பவுமே ஆகும்" என்று வைத்துவிட்டாள்.

அவர் பதறினார். "நேரமானதுக்குக் காரணம் காட்ட, புண்ணு பெருசாயிடுச்சுன்னு எழுதிடாதீங்கம்மா. மருமக பயந்துடுவா."

"பொய்யெல்லாம் எழுத மாட்டேன் சார். பேசிட்டிருந்தோம்னே எழுதறேன்."

கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அந்தக் குட்டித் திரையில் 'நோயாளியுடன் பேச்சு, இருபது நிமிடம்' என்று தட்டினாள். 'பேச்சு' இரண்டு தடவை தப்பாக விழுந்தது. திருத்தினாள். மேடம் நாளைக்கு என்ன சொல்வாரோ, அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

"அப்புறம் அந்த மச்சான் என்ன ஆனான்?" என்று கேட்டாள்.