குரூப்பில் வந்த படம்

என் வீட்டுக்காரர் நரசிம்மலு நல்லவர். அதுதான் எனக்கு வினையே. யார் கண்ணைக் கசக்கினாலும் உருகிப்போவார், வாயிலும் ஒன்றும் தங்காது. அதனால்தான் மௌனிகாவை மாடி அறையில் வைத்திருப்பதைப் பற்றி அவரிடம் நான் மூச்சுவிடவில்லை.

மௌனிகா கல்யாணத்துக்கு முன் என்னிடம் தையல் கற்றவள். காங்கேயத்தில் எண்ணெய் ஆலை வைத்திருக்கும் வம்சிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நேற்று மாலை, ஐந்து வயது மகள் அக்ஷிதாவை இழுத்துக்கொண்டு பீளமேட்டுக்கு வந்து என் வாசலில் நின்றாள். கழுத்தில் விரல் தடங்கள் கன்றிக் கிடந்தன. "இன்னொருக்கா அவருகிட்ட மாட்டுனா உசுரோட இருக்கமாட்டனுங்க அக்கா," என்றாள். காலையில் பெண்கள் உதவி எண் 181க்குப் போன் போட்டோம். காப்பகத்துக்குக் கூட்டிப்போக வண்டி வரும், அதுவரை வெளியே தலைகாட்ட வேண்டாம் என்றார்கள்.

வண்டிக்கு முன் வந்தது, தாராபுரத்துக் கல்யாணத்துக்குப் போயிருந்த நரசிம்மலுவின் போன்.

"நம்ம சாதிசனக் குரூப்பப் பாத்தியா? காங்கேயத்துப் பையன் பொண்டாட்டி படத்தப் போட்டிருக்கறான். புத்தி சரியில்லாத புள்ளையாம், கொழந்தையோட காணாமாம். நேத்துக் கெளம்பறப்ப நம்ம மாடிப்படில பாத்தனே, அதே புள்ளைதான். உன்றகிட்டத் துணி தைக்க வந்துதுன்னு நெனச்சுபோட்டேன். அட்ரஸ் குடுத்துட்டேன். பீளமேட்டுப் பக்கந்தான் தேடிட்டு இருந்தானாம். பாவம், போன்லயே அழுதுபோட்டான்."

அட மகராசா, கெடுத்தாயே. போனை வைத்தேன்.

குரூப்பைத் திறந்தேன். படத்துக்குக் கீழே கும்பிடும் கை எமோஜிகள் குவிந்திருந்தன. எங்கள் தெரு முழுக்க அதைப் பார்த்திருக்கும். மௌனிகாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினால் முக்குக் கடையைத் தாண்டுவதற்குள் அவனுக்குச் செய்தி போய்விடும். மறுபடி 181க்கு அடித்தேன், போலீசுக்கும் சொன்னேன். வந்துகொண்டிருக்கிறோம் என்றார்கள். மாடிக் கதவைச் சாத்திக்கொள்ளும்படி மௌனிகாவிடம் சொல்லிவிட்டு, கீழே கேட்டின் கொண்டியைப் போட்டேன்.

போட்ட கையை எடுப்பதற்குள் வெள்ளைக் கார் வந்து நின்றது.

வம்சி இறங்கிக் கும்பிட்டான். கத்துவான், உதைப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். அவனோ, "ஏனுங்க அக்கா, நல்லா இருக்கறீங்களா? வெயிலுங்க. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமுங்களா?" என்றான்.

தண்ணீர் கேட்டவனை வாசலில் நிறுத்திப் பழக்கமில்லை எங்களுக்கு. என் கை தானாகக் கொண்டியை நீக்கப் போனது. சட்டென்று அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்த ஒரு நொடி நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

எதிர்வீட்டு அன்புக்கரசி வந்துவிட்டார். பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர்.

"தம்பி மொகத்தப் பாருங்க வரலட்சுமி, வாடிப்போச்சு. குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும். தொறந்து உடுங்க."

"முடியாதுங்க."

"அடுத்தவிய சம்சாரத்த ஒளிச்சுவெக்கறது நல்லாவா இருக்குதுங்க?" என்றபடி அவர் கம்பி வழியே கைவிட்டார். அவருடைய விரலும் என் விரலும் கொண்டியின் மேல் மல்லுக்கட்டின.

வம்சி குரலை உயர்த்தவில்லை. மாடியைப் பார்த்து, "அக்ஷிதாக் கண்ணு, அப்பா வந்திருக்கறேன் பாரு," என்றான்.

மாடிக் கதவு திறந்தது. மௌனிகா எட்டிப் பிடிப்பதற்குள் குழந்தை வெளிப்படிக்கட்டில் வந்து நின்றுவிட்டாள். அப்பாவைப் பார்த்தாள். அவளாகவே முட்டி போட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கைக்குள்ளிருந்து சின்னதாகக் குரல் வந்தது.

"நான் அழுவுலீங்கப்பா."

வம்சி இன்னும் சிரித்த முகமாகத்தான் இருந்தான்.

அன்புக்கரசியின் விரல்கள் கொண்டியை இழுப்பதை விட்டுவிட்டு என் கையை அப்படியே மூடிக்கொண்டன. "தம்பி, நீங்க தள்ளி நில்லுங்க," என்றார். காப்பக வண்டி வரும்வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.